மாமியார் ஏறினால் ஓடாத கார்

காரில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்காக, மனைவியைப் பெற்றவளைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்த்தவன் நான். அதை ஆராய்ச்சி என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் தன் காரை என் தலையில் கட்டினார். ஸ்டியரிங் இடப்பக்கம். உட்கார், பெல்ட்டை மாட்டு, பிறகு சாவியைத் திருப்பு என்று செய்து காட்டினார். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வதுபோல் இதுவும் அவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் அப்படியே செய்துவந்தேன். பக்கத்து சீட்டின் பெல்ட் அழுக்காகாமலிருக்க அதை மெத்தைக்கு அடியில் செருகி வைத்தேன். அங்கே உட்காரவும் ஆளில்லை. மலைப்பாதையில் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று மனைவி பின்சீட்டோடு சரி.

கல்யாணப் பந்தியில் எங்கள் ஆட்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று என் வாசலையே மிதிக்காமலிருந்த மாமியார், ஒருவழியாக மனமிரங்கி, மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். கிளம்பும் நாளில் கொடைரோடு ஸ்டேஷன் வரை நானே ஓட்டிப்போய் ரயிலேற்றி, பழைய கணக்கை நேர்செய்துவிடுவதென்று திட்டம். மரியாதையாக முன்சீட்டில் உட்காரவைத்தேன். சாவியைத் திருப்பினால் கிர்ரென்று ஒரு சத்தம். இன்ஜின் அசையவில்லை.

“மிஸ்ட்டு இறங்கியிருக்கு அத்தை, அதான்” என்றேன். எங்கள் ஊரில் அப்பளம் நமத்தாலும் ரேடியோ கரகரத்தாலும் பழி மூடுபனி மேல்தான். “செத்த எறங்குங்க, தள்ளிப் பாக்கலாம்.”

அவர் இறங்கினார். எதற்கும் இருக்கட்டுமென்று சாவியைத் திருப்பினேன். உடனே இன்ஜின் உறுமியது. வேறு யாராக இருந்தாலும் அவரை அப்படியே ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். நான் படித்தவன். காரணம் தெரியவேண்டுமே என்று இன்ஜினை அணைத்துவிட்டேன்.

ஏறச் சொன்னேன், கிர்ர். இறங்கச் சொன்னேன், உறுமல். மறுபடி ஏற்றினேன், கிர்ர்.

“கண்டுபிடிச்சிட்டேன் அத்தை! நீங்க உக்காந்தாத்தான் ஓட மாட்டேங்குது!”

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். “புரிஞ்சிருச்சு மாப்ளே. நான் பஸ்ல போய்க்கிறேன்.”

எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? “ஏங்க, காருக்கும் மாமியாருக்கும் ஆகலையா?”

கோளாறு அவர்மேல் இல்லை என்று நிரூபிக்காவிட்டால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார். அவருக்காக வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கி முன்சீட்டில் வைத்தேன். கிர்ர். “பாருங்க அத்தை, மூட்டைக்கும் இப்படித்தான்!”

“என்னையும் அதையும் ஒண்ணா வச்சுப் பாக்கிறீகளாக்கும்” என்றார்.

“ஐயோ, வாய மூடுங்க. மூட்டை சாயுது பாருங்க” என்று மனைவி கதவைத் திறந்தாள். அடியில் செருகியிருந்த பெல்ட்டை உருவி, மூட்டையைச் சுற்றி மாட்டினாள். கிர்ர் நின்றது. சாவியைத் திருப்பினேன், வண்டி உயிர்பெற்றது.

விஷயம் அவ்வளவுதான். சீட்டில் பாரம் இருந்து பெல்ட் மாட்டாவிட்டால், ஆபத்தென்று கிர்ரென எச்சரித்து வண்டி கிளம்ப மறுக்கும். என் பெல்ட்டுக்கும் அதே சட்டம்தான். அதைத்தான் நான் ஜெபம் என்று நினைத்திருந்தேன்.

மூட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு, அத்தையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏற்றி, பெல்ட்டை மாட்டினேன். வலப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்து, செக்போஸ்ட் காவலர் அவருக்கு சல்யூட் வைத்தார். பதிலுக்கு அத்தை தலையசைத்தபோது, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ரயிலும் கிடைத்தது. ஜன்னலோரம் உட்காரவைத்து மூட்டையை உள்ளே தள்ளினேன். பக்கத்திலிருந்த அம்மாள், “மகனா?” என்று கேட்டார்.

“மருமகன்” என்றார் அத்தை. “தங்கமான பிள்ளைதான். என்ன, மொதல்ல மூட்டைய வச்சுப் பாத்துட்டுத்தான் நம்மள ஏத்துவாரு.”