யானை வந்த படம்

மார்க்கு மாமா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். எந்தப் படம் பார்த்தாலும் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு போடுவார். போட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? மறுநாள் நாற்காலியில் வந்து உட்காருகிறவருக்கு ஏன் அத்தனை, ஏன் அதற்கு மேல் இல்லை என்று விளக்கமும் சொல்லுவார். கழுத்தில் துணியைக் கட்டிக் காதோரம் கத்தியை வைத்த பிறகு எவன் மறுத்துப் பேசுவான்? அப்படித்தான் அவர் கருத்துக்கு ஊரில் மதிப்பு வந்தது என்று அவர் மனைவி சொல்லுவாள். அவர் ஆயுளில் ஒரு படத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மனைவியைப் பற்றி. தெருவில் அவளைத் தையலக்கா என்பார்கள். புதுத்துணி தைப்பவள் இல்லை, பழையதைச் சரிசெய்பவள். நீளக் கால்சட்டையைக் குட்டையாக்குவாள், இறுகிப்போன சட்டையைப் பிரித்துவிடுவாள், ஜிப் மாற்றுவாள், பள்ளிக்கூடப் பையில் அறுந்த வாரைத் தைத்துக் கொடுப்பாள். முன்னறையில் ஜன்னலோரம் மிஷின், எதிர்ச்சுவரில் டிவி, நடுவில் துணி மூட்டை. "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு துணியையும் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை. கிழிந்ததைக் கிழிந்தபடியே கொடுத்தனுப்பினால் அவளுக்குத் தூக்கம் வராது. பிறவிக் குணம், என்ன செய்வது!

பிள்ளைகள் இல்லாத வீடு. சாயங்காலமானால் டிவிதான், அதில் இணையத்தில் வருகிற படங்கள். ஒரு நாள் அவர் படம், மறுநாள் அவள் படம் என்று ஒப்பந்தம். அவருக்குக் காட்டு விலங்குகளைப் பற்றிய படம். அவளுக்கு முதுகில் கேப் கட்டிக்கொண்டு வானத்தில் பறக்கிற சூப்பர் ஹீரோ வரும் கார்ட்டூன் படம். வாய் சும்மா இருக்குமா இரண்டு பேருக்கும்?

"ஊரே இடிஞ்சு விழுது. இவன் இந்த மேகத்துக்கும் அந்த மேகத்துக்கும் பறக்கறான். ஒரு முடி கலையுதா பாரு! என்ன எண்ணெய் தேய்க்கறான்னு கேட்டுச் சொல்லு, கடைக்கு வாங்கி வைக்கறேன். ரெண்டு மார்க்கு."

"உங்க சிங்கம் மட்டும் என்னவாம்? ஒண்ணும் தெரியாத மானைத் துரத்தித் துரத்தித் தின்னுது. படம் புடிக்கறவன் மரமாட்டம் நிக்கறான். ஒரு கல்லெடுத்து வீசினா கை தேஞ்சா போயிடும்?"

"காட்டுல அதான்டி நியாயம்."

"பொல்லாத நியாயம்! என் படத்துல பஸ்ஸே பாலத்துலேர்ந்து விழுந்தாலும் ஒரு குழந்தைக்குக் கீறல் விழாது. கடைசி நிமிஷத்துல யாராவது வந்து தாங்கிப் புடிப்பாங்க. அப்படி இருக்கணும் படம்னா."

அவர் படத்தில் துரத்தல் வந்தால் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோப்பாள். அவள் படத்தில் சண்டை வந்தால் அவர் கொட்டாவி விடுவார். இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர் கண் போயிற்று. ஒரு நாள் ஒருவரின் காது நுனியில் கத்தி பட்டது. ரத்தம் ஒரு பொட்டுதான். ஆனால் அந்தப் பொட்டு அவருக்குத் தெரியவே இல்லை. மருத்துவமனைக்கு நடையாய் நடந்தார்கள். கடைசியில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "நரம்பு வாடிப்போச்சும்மா, இனி திரும்பாது. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்றார். பக்குவமாம் பக்குவம்! அவள் வெளியே வந்தாள், "என்ன சொன்னார்?" என்று அவர் கேட்டார், கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிட்டாள். நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் முகம் அப்போது எப்படி ஆயிற்று என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இனிமேல் இந்த மனுஷன் முகம் இப்படி ஆகும்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

கூட வேலை பார்த்தவரே கடையை எடுத்துக்கொண்டார். மாமா காலையில் அங்கே போய் பெஞ்சில் உட்காருவார், மதியம் அவள் போய்க் கைபிடித்துக் கூட்டி வருவாள். வெளிச்சம், நிழல், இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கத்தி போயிற்று, கண்ணாடி போயிற்று. கருத்து ஒன்றுதான் கையில் மிச்சம். அது போய்விட்டால் மனுஷன் சுருண்டுவிடுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் டிவி முன்னால் அவரை உட்கார வைத்து, என்ன நடக்கிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். பின்னணியில் பேசுகிறவர் பேசுவது இரண்டு பேருக்கும் தெரியாத பாஷை. ஆகவே அவள் சொன்னதுதான் படம்.

முதல் தடவை ஆற்றைக் கடந்த மான்குட்டியை முதலை பிடித்தது. சொல்ல வாயெடுத்தவள் ஊசியையும் நூலையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்னாச்சு? கடந்துடுச்சா?" என்று அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"கடந்துடுச்சுங்க. கரையேறி ஓடுது."

"சபாஷ்!" என்று தொடையில் தட்டினார். அவர் சிரித்து அவள் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது!

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். ஒரு பொய்யைச் சொன்னவளுக்கு ஒன்பது பொய் துணைக்கு வரும் என்று சும்மாவா சொன்னார்கள்? துரத்தல் வந்ததும், "பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்குது" என்று டிவி சத்தத்தைக் குறைப்பாள். பிறகு முயல் பொந்துக்குள் நுழையும். மான் புதரில் மறையும். சிங்கத்துக்குக் கால் இடறும். மழை வரும்.

"என்னம்மா இது, இந்தக் காட்டுல சிங்கமெல்லாம் பட்டினி கெடந்தே சாகும் போலிருக்கே" என்றார் ஒரு நாள். "ஒண்ணு கூடவா உருப்படியா ஓடாது?"

அன்றைக்கு வரிக்குதிரைக் குட்டி ஒன்றைக் கழுதைப்புலிகள் சுற்றி வளைத்திருந்தன. புதருமில்லை, பொந்துமில்லை, வெட்டவெளி. பாவம், அவள்தான் என்ன செய்வாள்? அவள் படத்திலிருந்து ஒருவரைக் கடன் வாங்கினாள்.

"யானை வருதுங்க!"

"யானையா?"

"ஆமாங்க, ஒத்தை யானை. புழுதியக் கெளப்பிட்டு வருது. தும்பிக்கையால ஒண்ணைத் தூக்கி வீசிடுச்சு. மத்ததெல்லாம் ஓடுது. குட்டி யானைக் காலுக்கு நடுவுல நிக்குது."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். அன்று முழுக்க அதே பேச்சு. அதோடு விட்டாரா? போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியை இப்போதைய கடைக்காரர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். இணையத்தில் அந்தப் படத்தின் கீழே, பார்த்தவர்கள் கருத்துச் சொல்லும் இடத்தில், "யானை வந்து வரிக்குதிரைக் குட்டியைக் காப்பாற்றிய காட்சி அபாரம். இதுவரை யாரும் எடுக்காதது. ஒன்பதரை மார்க்கு" என்று போட்டுவிட்டார். அவள் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, உலகத்தில் எத்தனையோ கருத்து, இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

படித்தார்கள். அடுத்த நாள் மதியம் அவரைக் கூட்டிவரப் போனவள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒரே சிரிப்பு. கடைக்காரர் சீப்பைக் காதில் செருகிக்கொண்டு, மாமாவின் போனை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"'ஐயா, யானை எங்க வந்துச்சு? நான் மூணு வாட்டி பாத்துட்டேன், குட்டிய அடிச்சுத் தின்னுடுச்சு.' இன்னொருத்தர் எழுதறாரு, 'பெரியவரு சூப்பர் ஹீரோ கார்ட்டூனையும் இதையும் கலந்து பாத்துட்டாரு போல. யானைக்குக் கேப் கட்டியிருந்துச்சா?' இன்னும் இருக்குண்ணே..." பாதியில்தான் மாமாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "விடுங்கண்ணே, பொழுதுபோகாதவனுங்க" என்றார்.

"யானை வந்துச்சு," என்றார் மாமா.

"அண்ணே..."

"வந்துச்சுப்பா. என் வீட்டுக்காரி பாத்தா. அவ ஒண்ணு சொன்னா அது அப்படித்தான் இருக்கும். டாக்டர் சொன்னதையே என்கிட்ட மாத்தாம சொன்னவ அவ. இவனுங்க பாத்தது வேற படமா இருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தாள். செருப்பைக் கழற்றினார்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"யானை வரலைங்க."

அவர் கை நாற்காலிப் பிடியைத் தேடிப் பிடித்தது.

"குட்டிய அதுங்க அடிச்சுத் தின்னுடுச்சு. எனக்குச் சொல்ல வாய் வரலை."

"அந்த மான்குட்டி? ஆத்தைக் கடந்துச்சே?" என்றார்.

"முதலை புடிச்சுடுச்சு."

"முயலு?"

தலையை ஆட்டினாள். அவருக்குத் தலையாட்டல் தெரியாதே என்று ஞாபகம் வந்து, "அதுவும்தாங்க" என்றாள்.

"மலை உச்சியில பனியில மாட்டுச்சே, நரிக்குட்டி..."

"அது நிஜமாவே தப்பிச்சுதுங்க! சத்தியமா. அதோட அம்மாவே வந்து தூக்கிட்டுப் போச்சு. அதுல நான் ஒரு வார்த்தை சேர்க்கலை." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு நரிக்குட்டியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவள் என்ன வாதாடுவாள்? "டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்னு கடையில பெருமையா சொன்னீங்களே. அப்ப உங்க மூஞ்சி எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நான்தானே பாத்தேன். மறுபடியும் அதைப் பாக்க என்னால முடியாதுங்க. நீங்க சிரிச்சா எனக்குப் போதும்னு இருந்தேன். ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்க வெச்சுட்டேன்."

அவர் சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். டிவி பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் கடைக்கும் போகவில்லை. அவள் மிஷினை மிதித்தாள், தைத்தது கோணிக்கொண்டு போயிற்று, பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள், மறுபடியும் கோணிற்று. இனி என் கண்ணை இவர் நம்ப மாட்டார், நம்பாவிட்டால் இந்த வீட்டில் இவருக்கு வெளிச்சமே கிடையாது, அதை அணைத்தவள் நான்தான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெந்தது.

சாயங்காலம் அவராகவே வந்து தன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தைப் போடு."

"வேணாங்க."

"போடுன்றேன். வந்து பக்கத்துல உக்காரு. சத்தத்தைக் குறைக்காதே."

போட்டாள். புல்வெளியைச் சொன்னாள். வரிக்குதிரைக் கூட்டத்தைச் சொன்னாள். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நடப்பதை, உள்ளதை உள்ளபடியே, ஒரு நூல் கூடக் கூட்டாமல் சொன்னாள். இசை மாறியது. "இப்ப... இப்ப அதுங்க..."

"நீ கண்ணை மூடிக்கோ," என்றார்.

"என்னங்க?"

"மூடிக்கோடி. எனக்குக் காது இருக்குல்ல, நான் சொல்றேன். இத்தனை வருஷமா இந்த இடத்துல நீ ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தே. எனக்குத் தெரியாதா?" அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "ஓடுது... குளம்புச் சத்தம் கேக்குது. நல்லாத்தான் ஓடுது. தாய் கத்துது. கழுதைப்புலிங்க சிரிக்கற மாதிரி கத்துதுங்க. திறக்காதே. இன்னும் திறக்காதே." அவர் குரல் இறங்கிவிட்டது. "குளம்புச் சத்தம் நின்னுடுச்சு."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். டிவியில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஏதோ பறவை கூவியது.

"முடிஞ்சுது. இப்பத் திற. என்ன தெரியுது, சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "புல்லுங்க. வெறும் புல்லு. தூரத்துல தாய் நின்னு திரும்பிப் பாக்குது."

"யானை?"

"இல்லைங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டி, பழைய கருத்து இருக்கிற இடத்தைத் திறக்கச் சொன்னார். அழிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அழிக்கவில்லை. அதன் கீழேயே, கடையில் நாற்காலியில் உட்காருகிறவரிடம் பேசுகிற அதே குரலில், நிதானமாகச் சொன்னார்.

"எனக்குக் கண் தெரியாது. என் மனைவிதான் படம் சொல்லுவாள். நீங்கள் எல்லாரும் சொன்னது சரி, அந்தப் படத்தில் யானை வரவில்லை. இன்றைக்கு மறுபடியும் கேட்டேன். வந்திருக்க வேண்டும். வராததற்கு மூன்று மார்க்கு குறைக்கிறேன்."