வெட்டாமல் விடச் சொன்ன கருவேலம்

என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் கைநீட்டி அடித்திருக்கிறேன். மண்டபத்தூர் மணல்மேட்டில், பட்டப்பகலில், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை. அவர் கையில் வெட்டரிவாள் இருந்தது. அறை விழுந்ததும் அதைக் கீழே போட்டுவிட்டார்.

அவர் எங்கள் ஆய்வுக்குக் கூலிக்கு வந்த வெட்டுக்காரர். தாழையும் நொச்சியும் காரைச்செடியும் இருந்த மேட்டைச் சீமைக்கருவேலம் விழுங்கியிருந்தது. அதை அகற்றினால் பழைய புதர்கள் தாமாக மீளுமா என்பதுதான் என் கேள்வி. கயிறு கட்டிச் சதுரங்கள் பிரித்தோம். பாதிச் சதுரங்களில் கருவேலத்தை வெட்டுவது, மீதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விடுவது. என் மூன்று வருட உழைப்பு அந்த ஒப்பீட்டை நம்பித்தான் நின்றது.

அவர் வெட்டுவதைப் பார்க்கவே பயமாக இருக்கும். தூரைப் பிளப்பார், வேரைத் தோண்டிக் கொளுத்துவார். முள் கிழித்து முழங்கை வரை ரத்தம் வழிந்தாலும் நிறுத்தமாட்டார். ஒரு மரத்தை மிச்சம் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எந்த வெட்டுக்காரரும் சொல்வதில்லை. ஒன்று மிஞ்சினாலும் ஆடு அதன் காயைத் தின்று மேடெங்கும் விதை போட்டுவிடும். மீதிச் சதுரங்களை ஏன் விடுகிறோம் என்று ஒருநாள் கேட்டார். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம், அன்று வெயில் வேறு. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுண்ணே. தொடாதீங்க" என்றேன்.

ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது விட்டுவைத்த சதுரங்களும் கருகிக் கிடந்தன. கூலிகூடக் கேட்காமல் அவரே முடித்திருந்தார். வேலையைச் சுத்தமாக முடித்த நிறைவோடு என் எதிரே வந்து நின்றார். அப்போதுதான் அடித்தேன்.

கன்னத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். "எம் பொண்டாட்டி கண்ணக் குத்திக் கெடுத்தது இந்த முள்ளுதாங்க மேடம். காரணத்த ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பல்லக் கடிச்சிக்கிட்டு விட்டுருப்பேன்."

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. வெட்கம், அதைவிட வீம்பு.

இப்போது அந்த மேட்டில் நொச்சி தழைத்திருக்கிறது. கருவேலம் இருந்திருந்தாலும் மீண்டிருக்குமா, அதை அவர் வேரோடு எரித்ததால் மீண்டதா என்று சொல்ல என்னிடம் ஒப்பீடு இல்லை. ஆய்வறிக்கையில் 'இடையூறு' என்ற கட்டத்தில் 'கூலியாள்' என்று ஒரே சொல் எழுதினேன். என் மாணவர்கள் இன்றும் அதை எடுத்து வாசிக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.