டெம்போவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

அன்று காலை யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெம்போ ஸ்டியரிங்கில் நான். பின்னால் பாடியில், வால் பக்கம் பார்த்து உட்கார்ந்த மாஸ்டர். அதே பாடியில், கேபினுக்கு முதுகைக் கொடுத்து, சாக்கின் மேல் உட்கார்ந்த ஒரு அம்மா. வண்டிக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, சைக்கிளில் அந்த அம்மாவின் மகள். வேறு யாரும் இல்லை.

இடம், பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டையிலிருந்து செம்பரம்பாக்கம் போகிற பெரிய ரோடு. தொண்ணூறுகளின் ஆரம்பம். பொங்கல் முடிந்த வாரம். விடிந்துவிட்டது, வெயில் ஏறவில்லை.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஜோடித்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு டெம்போ ஓட்டினேன். காலையில் காலி வண்டியாகப் போய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லோடு ஏற்றி வர வேண்டும். மாஸ்டர் அண்ணனூர் ரயில் ஷெட்டில் பிட்டர். இளவயதில் சைக்கிள் ரேஸ் ஓட்டியவர். ஷிப்டு போக மீதி நேரத்தில் நாலைந்து பேருக்குக் கற்றுக் கொடுப்பார். எனக்கு டீக்கடைப் பழக்கம். ஒரு நாள் கேட்டார்.

"மாமே, நீ காலி வண்டியாத்தானே போற? பின்னாடி ஒரு பொண்ணு சைக்கிள்ல வரட்டும். நீ பாட்டுக்குப் போ."

"எதுக்கு?"

"காத்துக்கு. வேகமா மிதிச்சா காத்துதான் முதல் எதிரி. உன் வண்டி மறைப்புல வந்தா அது பாட்டுக்கு வேகம் பழகும். கால் ஒருவாட்டி பழகிடுச்சின்னு வையி, அப்பால காத்து அடிச்சாலும் மறக்காது."

முதலாளியிடம் சொன்னேன். பின்னால் யார் வந்தாலும் வராவிட்டாலும் டீசல் ஒன்றுதான், போ என்றார்.

மாஸ்டர் ஒரு பழைய கன்வேயர் உருளையைக் கொண்டுவந்து வண்டியின் வால் பக்கம் குறுக்கே போல்ட் போட்டு மாட்டினார். சைக்கிள் முன்சக்கரம் தெரியாமல் இடித்தாலும் உருளை சுற்றிக் கொடுக்கும், ஆள் விழாது. பிறகு எனக்குத் தட்டு சொல்லிக் கொடுத்தார். அவர் கையில் நீளமான சவுக்குக் கொம்பு இருக்கும். வாலில் உட்கார்ந்தபடியே அதனால் கேபின் முதுகில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் கொஞ்சம் ஏற்று. இரண்டு என்றால் அப்படியே பிடி. அதற்கு மேல் தட்டினால் மெதுவாக விடு.

"நிறுத்தறதுக்கு?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் கிளீனர் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் ரைட். பஸ்ஸிலும் அதுதான்.

"நிறுத்தறதுன்ற பேச்சே கெடையாது. நீ பிரேக் போட்டா அது மூஞ்சி உன் வண்டியில தான் இருக்கும். பிரேக்க மறந்துடு."

ஒரு வாரம் எனக்குக் கால் கூசியது. ஒரு தட்டு கேட்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், பாதியில் இழுத்துக்கொள்வேன். அப்புறம் பழகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸ். அப்பா பேக்டரியில் இருந்தபோதே தவறிவிட்டார். அம்மாவுக்கு அங்கேயே கேன்டீனில் வேலை. பெண் அதிகம் பேசாது. நானும் பேச மாட்டேன். "வரேண்ணா" என்னும். "சரிம்மா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நான் அதைப் பார்ப்பதும் குறைவு. வண்டியை ஒட்டி வந்தால் கண்ணாடியில் தெரியாது. பின்தங்கினால்தான் தெரியும். ஒருதரம் மறைப்பை விட்டுவிட்டால் காற்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் எட்டிப் பிடிக்க முடியாது. கண்ணாடியில் ஆள் சின்னதாகிக்கொண்டே போகும். தினமும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அப்படித்தான் ஆனது. மாஸ்டர் ஐம்பத்தெட்டு கேட்டார். அதை ஏரி வளைவு வரைக்கும் பிடித்தால்தான் வெளியூரில் நடக்கும் சைக்கிள் ரேஸ் தேர்வுக்குக் கூட்டிப் போவேன், இல்லாவிட்டால் போய் அசிங்கப்பட வேண்டாம் என்றார். அந்தத் தேர்வில் தேறினால் ரயில்வேயில் வேலைக்கு வழி உண்டு.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக அம்மா சொல்லி வைத்திருந்தார். அதுதான் சிக்கல்.

முந்தின வியாழக்கிழமை காலை, பூந்தமல்லியில் நான் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது, மகள் சைக்கிளில் வர, அம்மா மாஸ்டரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். நேராக என்னிடம் வந்தார்.

"நீதான் டைவரா? எம் பொண்ணு உன் வண்டி பின்னாடி நாய் மாதிரி ஓடுதுன்னு கேன்டீன்ல சிரிக்கிறாளுங்கோ. என் கண்ணால பாத்துக்கலாம்னு வந்தேன்."

"வாங்கம்மா. முன்னாடி குந்துங்க."

"முன்னாடி குந்திகினு ரோட்டயா பாக்கறது? எம் பொண்ணு எங்க தெரியுதோ அங்கதான் குந்துவேன்."

மாஸ்டர் சாக்கை மடித்துப் போட்டார். அம்மா ஏறுவதற்கு முன் மகளைப் பார்த்துச் சொன்னார்: "தோ பாருடி. இன்னிக்கி அந்த நம்பர் வந்துச்சின்னா போ. வர்லன்னா ஞாயித்துக்கெழம பொடவ கட்டிகினு ஊட்ல குந்து. சைக்கிள வித்துடுவேன். அப்பறம் அழக்கூடாது."

மகள் டயரை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தது.

"இன்னா மாஸ்டர், பேச்சு பேச்சுதானே?"

"பேச்சு பேச்சுதாங்க்கா," என்றார் மாஸ்டர். அவர் குரல் அன்று சரியில்லை.

கிளம்பினோம். நசரத்பேட்டை வரைக்கும் சாதாரணமாகப் போனோம். அப்புறம் தட்டு விழுந்தது. ஏற்றினேன். இன்னொரு தட்டு. ஏற்றினேன். ஸ்பீடாமீட்டர் முள் ஐம்பத்தைந்துக்கு வந்ததும் இரண்டு தட்டு. பிடித்தேன். கண்ணாடியில் யாரும் இல்லை. இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் தினமும் பெண் பின்தங்கிவிடும். இன்று பின்தங்கவில்லை. மாஸ்டர் அடுத்த தட்டுக்கு அவசரப்படவில்லை. மூச்சு வாங்க விடுகிறார் போல என்று நினைத்தேன்.

அப்போது ஒரு தட்டு. வழக்கத்தைவிடக் கனமாக, என் தலைக்கு நேர் பின்னால். மாஸ்டருக்கு இன்று ஆவேசம் வந்துவிட்டது என்று நினைத்து ஏற்றினேன்.

கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. முன்னதைவிடப் பலம். ஏற்றினேன். ஐம்பத்தெட்டு வந்தது, தாண்டியது.

மறுபடி ஒன்று. தகரம் அதிர்ந்தது. காலி வண்டி, சங்கிலி எல்லாம் ஆடுகிறது. இவ்வளவு வேகத்தில் அந்தப் பெண் ஒரு முழத்தில் வருகிறது. ஆனால் எனக்குச் சொன்னது ஒன்றுதான். தட்டினால் ஏற்று. ஏற்றினேன். பின்னால் உருளை கிர்ரென்று ஒரு சுற்று சுற்றிய சத்தம் கேட்டது. சக்கரம் உரசிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். காலி ரோடு. விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியவில்லை. அப்படியானால் இன்னும் இருக்கிறாள்.

பிரேக் பக்கம் காலைக் கொண்டுபோகவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் செய்த வேலை.

மறுபடி ஒரு தட்டு. அந்த வண்டியில் முள் அந்த இடத்துக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. எத்தனை நேரம் அப்படி ஓடினோம் என்று தெரியாது. ஏரி வளைவு வந்தது. அப்போது கேபின் முதுகில் தட்டு இல்லை, இடி. டப் டப் டப் டப் என்று நிற்காமல் விழுந்தது. விடச் சொல்கிறார் என்று மெதுவாகக் காலை எடுத்தேன். வண்டி தானாக ஓய்ந்து ஒரு புளியமரத்தடியில் போய் நின்றது.

நான் இறங்குவதற்குள் அம்மா இறங்கிவிட்டார். எப்படி இறங்கினார் என்று தெரியாது. முடியெல்லாம் கலைந்திருந்தது. உள்ளங்கை சிவந்திருந்தது.

"யோவ், காது கேக்காதா உனக்கு? தட்டிகினே கீறேன், தட்டிகினே கீறேன், நீ பறந்துகினே கீற! எம் பொண்ண கொல்லப் பாத்தியா?"

"நீங்களாம்மா தட்டினது?"

"பின்ன யாரு? நிறுத்துன்னுதான் தட்டினேன்! பஸ்ல ஒரு தட்டு தட்டுனா நிக்கும்ல? இது நிக்க மாட்டேங்குது. தட்டிட்டு பாத்தேன். இன்னும் ஜோரா போவுது. மறுபடி தட்டினேன். இன்னும் ஜோரா போவுது. பேய் வண்டியா இது?"

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் வாலிலேயே உட்கார்ந்திருந்தார். கொம்பு மடியில் கிடந்தது. முதலில் அவர் தோள் ஆடியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நம்ம வண்டியில ஒரு தட்டுன்னா ஏத்துன்னு அர்த்தம்க்கா."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவிங்களா. நானே எம் பொண்ண வெரட்டினனா?"

பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது. முகம் முழுக்கப் புழுதி. ஹேண்டில்பாரின் மேல் படுத்தபடி மூச்சு வாங்கியது.

"மாஸ்டர் தட்டவே இல்ல. வண்டி மட்டும் ஏறுது. எப்படின்னு பாத்துகினே வந்தேன். நீயாம்மா?"

"நிறுத்தறதுக்குத்தான்டி தட்டினேன்."

"தெரியும்மா."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். அம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தார். பிறகு ரோட்டிலேயே குனிந்து அதன் காலைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். "நடுங்குது பாரு. காலா இது? இரும்பாட்டம் கீது."

தேய்த்துக்கொண்டே, நிமிராமல் மாஸ்டரிடம் சொன்னார்: "அவங்கள அடுத்த வாரம் வரச் சொல்றேன். வந்தா வரட்டும். வராட்டி போவட்டும். நீ இட்டுகினு போ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ நைனா போச்சு, சொல்லு."

வாயைத் திறந்தேன். மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். "ஐம்பத்தெட்டு தாண்டிடுச்சிக்கா. அது போதும்," என்றார். பெண்ணும் கேட்டுப் பார்த்தது. நான் சொல்லவில்லை.

லோடு ஏற்றப் போகும்போது மாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அப்போது அவரிடம் நம்பரைச் சொன்னேன்.

"பொண்ணுகிட்ட சொல்லாத. அந்த நம்பர் தெரிஞ்சா அதையே நெனச்சிகினு மிதிக்கும். ஞாயித்துக்கெழம முடியட்டும்."

"உங்களுக்குத் தெரியலையா, நான் ஏத்தறது?"

"தெரியாமலா? பைத்தியம் புடிச்சிடுச்சின்னு நெனச்சேன் உனக்கு. ரெண்டு தட்டு தட்டிப் பிடிக்கச் சொல்லலாம்னு கொம்பத் தூக்கிட்டேன். அது என்னைப் பாத்து வேணாம்னு தலைய ஆட்டிச்சி மாமே. எறக்கிட்டேன். உருளையில சக்கரம் உரசுச்சே, அப்ப மட்டும் என் உசுரு என்கிட்ட இல்ல." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேர்வில் பெண் இரண்டாவதாக வந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் அடுத்த வாரமும் வரவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு வருஷத்துக்குள் ரயில்வே வேலைக்கு ஆர்டர் வந்தது. சாயங்காலம் நான் பட்டறை வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாவும் மகளும் ஸ்வீட் டப்பாவோடு கொரட்டூர் பக்கமிருந்து நடந்தே வந்தார்கள்.

"எடுத்துக்கங்கண்ணா," என்றது பெண்.

எடுத்துக்கொண்டேன்.

"இப்பயாவது சொல்லுங்கண்ணா. அன்னிக்கி எவ்ளோ?"

சொன்னேன். பெண் நம்பவில்லை. மறுபடி கேட்டது. மறுபடி சொன்னேன். அம்மா டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். "அதுல பாதி என் கையி," என்றார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் கூட்டிவந்த வேறு பிள்ளைகளுக்கும் வண்டி ஓட்டினேன். சிலர் நன்றாக ஓட்டினார்கள். யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. மாஸ்டர் இப்போது இல்லை. நானும் வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று. எத்தனையோ லோடு ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. காலி வண்டியாக ஓட்டிய அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் இருக்கிறது. பின்னால் வருகிற ஆளைக் கண்ணால் பார்க்காமலே, இருக்கிறாள் என்று நம்பி வண்டியை விட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முள் நின்ற இடத்தை இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்வேன்.

அறுபத்திமூன்று.