ஆப்பிரிக்க எருக்கும் ஒரு கறவை மாடும்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வந்தோம். என் கணவர் அங்கே ஃபோர்மேன். திருவள்ளூர்ப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். இங்கே வீட்டுக்குப் பின்னால், சுற்றுச்சுவருக்குள் கொஞ்சம் உவர்மண் கிடந்தது. அவ்வளவுதான்.

அவருடைய நண்பர் ஒருவர் கென்யாவில் வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். அந்த நண்பரின் மனைவி ஒரு பொட்டலம் விதை கொடுத்தாள். "நம்மூரு எருக்குக்குச் சொந்தம்தான். ஆனா காயைப் பாத்தா சிரிப்பு வரும்" என்றாள்.

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதை முதல் நான்கு கன்றுகளைச் சாகவிட்டுத்தான் கற்றேன். பிறகு ஆற்றுமணல் கலந்து, மேடு கட்டி நட்டேன். ஒரே வருஷத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்தது. அரளி போல ஒடுங்கிய இலை. கவிழ்ந்து தொங்கும் வெள்ளைப் பூங்கொத்து. மெத்தென்ற முள் முளைத்த பச்சைப் பந்துகளாகக் காய். அமுக்கினால் உள்ளே வெறும் காற்று. வரி வரியாக மஞ்சளும் கறுப்புமாகப் புழுக்கள் வரும். காலையில் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு அவற்றைப் பொறுக்குவேன். அந்த வீட்டில் நான் ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலை அது.

காய்த்து ஓய்ந்ததும் கிளைகளைக் கழிக்க வேண்டும். ஒடித்த இடத்தில் வடியும் பால் விஷம். மாடு பச்சையாகத் தொடாது, வாடிப் புல்லோடு கலந்தால் தின்றுவிடும் என்று கென்யாவிலிருந்து வந்தவள் எச்சரித்திருந்தாள். அதனால் குழி தோண்டிப் புதைப்பேன். கணவருக்கும் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் சிலரை அவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். முந்தின நாள் நான் கழித்த கிளைகள் கொல்லையில் குவிந்து கிடந்தன. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது குவியலைக் காணோம்.

"செவுத்துக்கு அந்தாண்ட வீசிட்டேன். பாக்க நல்லாவா இருக்குது?" என்றார்.

"மாடு மேயற எடங்க அது."

"அப்புறம் பாத்துக்கலாம். அவங்க வந்துடப் போறாங்க."

நானும் வடையைத் திருப்பிப் போடப் போய்விட்டேன். மறுநாளும் போய்ப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாடு செத்தது. எங்கள் வீட்டுக் காப்பிக்கு வந்ததே அந்த மாட்டின் பால்தான். அதை வளர்த்தவள் சுவருக்கு அப்பால் குடிசையில் இருந்தாள். அவள் புருஷன் என் கணவருக்குக் கீழே தினக்கூலி. வாடிய தழையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஒரு கூட்டம்.

"என்னை இன்னா கேக்கறே? செடி என் பொண்டாட்டியோடது. அவதான் வெட்டி வெளிய போட்டுட்டா" என்றார் என் கணவர், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விஷம் வளர்க்கிறவள் என்று யாரோ சொன்னார்கள். அன்று மாலையே செடிகளை வேரோடு பிடுங்கினேன். பால் கண்ணில் தெறித்துப் பத்து நாள் பார்வை மங்கிக் கிடந்தது. அவர் மருந்து வாங்கி வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு அவர்கள் குடிசையைக் காலி செய்துகொண்டு போனார்கள். மூன்று வருஷம் கழித்து, எளாவூரில் லாரிக்காரர்களுக்கு அவள் இட்லி விற்கிறாள் என்று தெரிந்து, பஸ் ஏறிப் போனேன். "அன்னிக்கு நான் போடலைக்கா. அவர்தான் போட்டார்" என்றேன்.

"தெரியும். சாரு வீசும்போது நான் அந்தாண்ட சாணி பொறுக்கிக்கினு இருந்தேன். அது வெசம்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"எம் புருசன் அவரு கைக்குக் கீழ வேலை. வாயத் தொறந்தா மறுநாளு கேட்டுக்குள்ள உட்டிருப்பாரா? ஒனக்கு இன்னாமா? நீ சொல்லுவேன்னுதான் ஒன் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னேன்."

அதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. அவள் இலை போடப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்று வருஷமாக அவரை மட்டும் வெறுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அதுகூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டேன்.