ஈட்டிப் பலகைமேல் ஒட்டிய மைக்கா

இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் தேடியெடுத்த ஈட்டி மரப் பலகை ஒன்றை, மேசை செய்வதற்காக இண்டூர்த் தச்சரிடம் கொடுத்திருந்தேன். கருங்கோடுகள் சுழித்தோடும் பலகை. பழைய ஆணித்துளைகளைச் சுற்றிக் கரிய வளையங்கள். அந்த அழகுக்காகவே வாங்கினேன்.

இன்று காலை மேசையை எடுக்கப் போனேன். மேற்பரப்பு முழுவதும் பளபளக்கும் மைக்கா ஒட்டப்பட்டிருந்தது.

"என் பலகை எங்கேங்க?" என்றேன்.

"அடியிலதான் இருக்குதுங்க சார். ஒரே ஆணி ஓட்டையும் கறையுமா கெடந்துச்சு. வூட்டுக்கு வர்றவங்க பழைய மரம்னு கேவலமாப் பேச மாட்டாங்களா? அதான் மறைச்சுட்டேனுங்க."

"இதைப் பிரித்துவிடலாமா?"

"பிரிச்சா மரமும் பிஞ்சுக்கிட்டு வருமுங்க. பசை அப்படி!" என்றார் பெருமையாக. "டிசைனைப் பாருங்க சார், ஈட்டி மரமாட்டமே இருக்குதில்ல? இதுக்காகத் தருமபுரியில நாலு கடை ஏறி எறங்குனேனுங்க."

கோபம் முற்றினால் என் குரல் தாழ்ந்துவிடும். மிகத் தாழ்ந்த குரலில் நன்றி சொல்லிவிட்டு மேசையோடு வந்தேன்.

மரம் சிதையாமல் மைக்காவை உரிக்கத் தெரிந்த நண்பர்கள் வழி சொல்லுங்கள். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுத நினைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து நேரில் வாருங்கள்.