நிலைவாசல் மட்டும் உள்ள வீடு

அவர் தோவாளைப் பூ வியாபாரி. மடியில் எப்போதும் ஒரு பெரிய சாவி வைத்திருப்பார். ஒற்றியில் கிடந்த மனையை மீட்டு எங்கள் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்த மறுவாரம், "வீட்டைப் பாக்க வாங்க சாரே" என்று என்னை அழைத்துப் போனார்.

வெறும் மனை. நடுவே கதவும் பூட்டுமாக ஒரு நிலை மட்டும் நின்றது. அவர் சாவி போட்டுக் கதவைத் திறக்க, நான் பக்கவாட்டில் நடந்து உள்ளே போனேன்.

"செவரை இடிச்சிட்டு வாறீங்களே. வாசல் வழியா வாங்க."

"சுவர் எங்கே ஐயா?"

"இனி காசு சேத்துதான் கெட்டணும்."

முதலில் அஸ்திவாரம், பிறகுதான் நிலை என்று முறையை விளக்கினேன்.

"சரிதான். செருப்பைக் கழத்திட்டுச் சொல்லுங்க. உள்ள நிக்கீங்கல்லா."

கழற்றினேன். கிளம்பும்போது அவர் சிரித்தபடி கதவைப் பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தவன் நான்தான்.