சிவப்புக் கட்டம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறையை ஒட்டிய அறைதான் புற்றுநோய்ப் பதிவுப் பிரிவு. அங்கே பதினெட்டு வருடமாக வேலை பார்த்தவளைப் பதிவு அக்கா என்பார்கள். வார்டிலிருந்து வரும் கோப்புகளைப் பிரித்து நோயையும் வயதையும் கணினியில் ஏற்றுவது அவள் வேலை.

கல்லீரலிலிருந்து பித்தநீர் இறங்கும் குழாயில் வரும் பித்தநாளப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அந்த வருடம் முப்பத்தாறு வயதுத் தையல்காரி ஒருத்தியின் கோப்பு வந்தது. வயதை அடித்ததும் திரையில் சிவப்புக் கட்டம்: 'வயதைச் சரிபார்க்கவும்.' வார்டுக்குப் போன் போட்டாள். வயது சரிதான், ஐந்து மாதம் அரிப்புக்குக் களிம்பு தடவிவிட்டு, கண் மஞ்சளான பிறகு வந்திருக்கிறாள் என்றாள் நர்ஸ். அடுத்து பஸ் டிரைவர் ஒருவர், முப்பத்தொன்று. இப்படி வயது குறைந்த ஒவ்வொரு கோப்புக்கும் கட்டம், ஒவ்வொன்றுக்கும் போன். நர்ஸே கடுப்பாகிவிட்டாள்.

மேலதிகாரி சுலபமான வழி சொன்னார்.

"லிவர்ல போட்டுடுங்க. அங்க வயசு கேக்காது."

"நோய் லிவர்ல இல்லையே சார்."

"பக்கத்துலதான இருக்கு."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. பழைய பதிவுகளைத் தோண்டினாள். பக்கத்து மேசைக்காரர் பல வருடமாக அப்படித்தான் தள்ளிவிட்டிருந்தார். அவர் தினமும் நாலு மணிக்கே கிளம்பிவிடும் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. நாற்பதுக்குக் கீழே பதினான்கு பேர் கல்லீரல் நோயாளிகளோடு கலந்து கிடந்தார்கள். பல நாடுகளில் இளையவர்களுக்குப் பித்தநாளப் புற்று கூடிவருவதாகப் பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் என்று அவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

சிவப்புக் கட்டத்துக்குத் தப்ப இடம் மாற்றப்பட்ட பதினான்கு பேரின் விவரத்தோடு தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். வேண்டாத வேலை என்றார் வீட்டுக்காரர்.

ஆறு மாதம் கழித்து முப்பத்துமூன்று வயதுக்காரர் ஒருவரை ஏற்றினாள். கட்டம் வரவில்லை. பழுதோ என்று தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"உங்க புகார்தான் மேடம். எடுத்தாச்சு" என்றார் அங்கிருந்தவர்.

"நான் எடுக்கச் சொல்லல. இத்தனை பேருக்கு ஏன் வருதுன்னு பாக்கச் சொன்னேன்."

அதற்குத் தனி விண்ணப்பம், டாக்டர் கையெழுத்தோடு வேண்டும் என்றார்.

விண்ணப்பத்தை எழுதி, ஐந்தாம் மாடியில் புற்றுநோய் வார்டு டாக்டரிடம் எடுத்துப்போனாள். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மறு வாரம் போய்ப் பார்த்தபோது விண்ணப்பத்தின் மேல் நாலைந்து கோப்புகள் ஏறியிருந்தன. உருவியெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.